நாளைப்போவார் பாட்டும் நாடக மேடைக் குரலும்

தில்லியில் வாழும் தமிழர் இல்லங்களில் ஆண்டு முழுவதும் ஒலிக்கும் பேச்சு ஒன்று உண்டு. பிள்ளைகளின் தேர்வு முடியட்டும், ஊருக்குப் போகலாம். விடுப்புக் கிடைக்கட்டும், போகலாம். ஓய்வு பெற்றபின் ஒரேயடியாகப் போய்விடலாம். வெயிலில் சொல்லியது குளிரிலும் தொடரும். குளிரில் சொல்லியது மறு கோடைக்குத் தள்ளிப்போகும். இவ்வாறு நாளை நாளை என்று சொல்லிக்கொண்டிருந்தமையாலேயே பெயர் பெற்ற ஒருவரை நம் முன்னோர் அறுபத்து மூவர் வரிசையில் வைத்து வணங்கினர். திருநாளைப்போவார் என்பது அவருக்கு நூல்கள் வழங்கும் பெயர். நந்தனார் என்பது நாடறிந்த பெயர். அவருடைய கதையைச் சொல்லும் ஒரு நாட்டுப்பாங்கான இசைநூலைப் பற்றியும், தம்முடைய துணையை இழந்து தனியே நின்ற வேளையில் அக்கதையைக் கையிலெடுத்த ஒரு பாடகியைப் பற்றியும் நேயர்களுக்குச் சில செய்திகள் கூற விரும்புகிறேன்.

அப்பாடகி கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு பிறந்தவர். வறுமை மிக்க குடும்பம். சிறு பெண்ணாக இருந்தபொழுது ரயில் வண்டிகளில் பாடிக் காசு பெற்றதாக அவருடைய வரலாற்றை எழுதியோர் அனைவரும் கூறுகின்றனர். ஓடும் வண்டியின் இரைச்சலை மீறிப் பயணிகளின் செவியை எட்டவேண்டிய குரல் அது. பிற்காலத்தில் அவர் மேல் ஸ்தாயியில் நின்று பாடுவதைக் கேட்டு வியந்தவர்கள், அந்தக் குரலுக்கு முதற் பயிற்சிக்கூடமாக அமைந்தது மூன்றாம் வகுப்புப் பெட்டி என்பதை எண்ணிப் பார்த்தார்களோ இல்லையோ! ரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான திருச்சி எப். ஜி. நடேச ஐயரின் பார்வையில் பட்டு, வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்தார். சிறுவர் வேடங்களில் தொடங்கி, இலங்கை மேடைகளிலும் பாடிப் புகழ் பெற்றார்.

அக்கால நாடகக் கொட்டகைகளைப் பற்றி இன்றைய இளைஞர்களுக்கு ஒரு சொல் சொல்லவேண்டும். ஒலிபெருக்கி கிடையாது. தகரக் கொட்டகை, மண் தரை, ஆயிரக்கணக்கில் மக்கள். மேடையின் பக்கவாட்டில் அமர்ந்து ஆர்மோனியம் வாசிப்பவர் பின்பாட்டும் பாடுவார். நடிகருக்கு நடிப்பு இருந்தால் நன்று. குரல் இல்லாவிடில் பிழைப்பே இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் காலணா கொடுத்துத் தரையில் அமர்ந்திருப்பவனுக்குச் சொல் சொல்லாக விளங்கவேண்டும். ஆகவே எழுத்துகளை அழுத்தமாக உச்சரித்து, சொல்லின் வடிவம் சிதையாமல் சுரத்தை மேலே கொண்டு செல்லும் ஒரு பாணி அங்கே உருவாயிற்று. அந்தப் பாணியின் தலைசிறந்த ஆண் குரல் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவினுடையது, பெண் குரல் சுந்தராம்பாளுடையது.

1926-இல் கொழும்பு மேடையில் இவ்விருவரும் சேர்ந்து நடித்தனர். அடுத்த ஆண்டு மணம் புரிந்தனர். கிட்டப்பாவுக்கு முன்னரே திருமணம் ஆகியிருந்தது. ஆகவே இந்த வாழ்வில் இன்பத்தோடு பிணக்கும் பிரிவும் கலந்தே இருந்தன. ஒரு குழந்தை பிறந்து சில நாட்களிலேயே இறந்தது. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

அதன்பின் அவர் வெள்ளைப் புடைவை உடுத்தினார், நகைகளை நீக்கினார். எந்த ஆண் நடிகருடனும் இனி ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். சில காலம் வெளியுலகிலிருந்து ஒதுங்கியே இருந்தார். நாடக மேடையில் காதற் பாட்டை ஒருவர் எடுக்க மற்றவர் முடிக்கும் முறைக்குப் பழகிய குரல் அது. வள்ளி திருமணம் நாடகத்தில் வள்ளி பாடினால் வேலன் மறுமொழி பாடவேண்டும். மறுமொழி பாட ஆளில்லாத குரல் எதைப் பாடும்? பக்திப் பாட்டும், தேசியப் பாட்டும், தனிக் கச்சேரியும் அதற்கு விடையாக அமைந்தன. ஆனால் திரையில் அவர் முதன்முதலாக ஏற்றுக்கொண்ட வேடம் எது என்று பார்த்தால் அதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் அவர் நந்தனாராகவே நடித்தார். ஆண் வேடம், அதிலும் பண்ணையாளின் வேடம். அவருடைய ஆண்டையான வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படத்தில் நடிக்க விருப்பமின்றி, தட்டிக் கழிக்கும் எண்ணத்துடன் அம்மையார் ஒரு லட்சம் ரூபாய் கேட்டாரென்றும், தயாரிப்பாளர் அதற்கும் இசைந்துவிட்டாரென்றும் சொல்வர். அந்நாளில் ஒரு லட்சம் என்பது கேட்டவர் மூக்கின்மேல் விரலை வைக்கும் தொகை.

இனி அந்தப் பாட்டின் வரலாற்றுக்கு வருவோம்.

நந்தனாரைப் பற்றி எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பெயரளவிலேயே குறிப்பிடுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார்தாம் அதை விரித்துக் கதையாக்கினார். கொள்ளிடக் கரையில் ஆதனூர், அங்கே புலைப்பாடி, அதில் பிறந்தவர் நந்தனார். கோயில்களின் முரசுகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுப்பது அவர் தொண்டு. திருப்புன்கூரில் சிவலோகநாதரை வெளியே நின்று தரிசிக்க முயன்றபொழுது நந்தி விலகியது. பின்னர்த் தில்லைக்குப் போகவேண்டும் என்ற ஆசை எழுகிறது. ஆனால் தம் பிறப்பை எண்ணுகிறார், தயங்குகிறார், நாளைப் போவேன் என்கிறார். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. சேக்கிழாரின் நூலில் நந்தனாரைத் தடுக்கும் ஆண்டை எவரும் இல்லை. தடை அவர் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. ஊரும் உலகமும் அந்தத் தடையை அவருடைய நெஞ்சில் வைத்தன என்பது உண்மையே. எனினும் கதையில் 'போகாதே' என்று வாய்விட்டுச் சொல்பவர் எவருமில்லை.

ஏழு நூற்றாண்டுகள் கழிந்தன. நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து, மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யை இயற்றினார். மணம் செய்துகொள்ளாத துறவு மனத்தினர். கருநாடக இசையோடு, திருவிடைமருதூரில் இருந்த இராமதாசர் என்பவரிடம் இந்துஸ்தானி இசையும் பயின்றவர். (தில்லியில் இருந்துகொண்டு இந்துஸ்தானி சங்கீதம் நமக்கு அயலானது என்று சொல்லும் அன்பர்கள் இதைச் சற்று நினைவில் கொள்ளலாம்.) அவர் செய்த பெரிய மாற்றம் நந்தனுக்கு ஒரு ஆண்டையைப் படைத்ததுதான். பாரதியாரின் நந்தன் நாளை போவேன் என்று காத்திருப்பது பணிவினால் மட்டுமன்று. அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை! வேதியரிடம் போய் உத்தரவு கேட்கிறான். வேதியர் சினக்கிறார், ஏசுகிறார், இறுதியில் நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரு வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கருக்கு மேற்பட்டது. நாற்பது வேலி என்றால் இருநூற்றறுபது ஏக்கருக்கும் அதிகம். ஒரே இரவில் அவ்வளவு நிலத்தின் வேலையையும் இறைவனுடைய கணங்கள் முடித்து வைக்கின்றன. விடியற்காலையில் அதைக் கண்ட ஆண்டை அடிமையின் காலில் விழுகிறார்.

நாற்பது வேலி பாரதியாரின் வெறுங் கற்பனையன்று. அவர் நாள்தோறும் கண்ட தஞ்சை மண்ணின் நிலை அது. பண்ணையாள் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தான். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்றங்களில் இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. 1860-இல் இயற்றப்பட்டு 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம், ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. நந்தனார் சரித்திரம் அச்சேறியது 1861-62-இல். காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரியின் ஆர்வத்தால். சட்டம் மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில், காவிரிக் கடைமடையில், மாறாத வாழ்க்கையைப் பற்றிய பாட்டு ஒன்று மக்கள் நாவில் ஏறிக்கொண்டிருந்தது. சட்டப் புத்தகத்தில் அடிமை இல்லை, வயலில் இருந்தான். கடனும், குடிசை நின்ற மனைக்கட்டும், படி நெல்லும் அவனை அங்கேயே கட்டிப்போட்டிருந்தன. தஞ்சைப் பண்ணையாளுக்குப் பாதுகாப்பளிக்கும் தனிச் சட்டம் 1952-இல்தான் வந்தது.

இந்நூலைப் புலவர்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் பலமுறை சென்றார். இலக்கண வழுக்கள் உள்ளன, பெரிய புராணத்தோடு மாறுபடுகிறது என்று பிள்ளையவர்கள் தவிர்த்து வந்தார். ஒரு நாள் பிள்ளையவர்கள் வீட்டிற்குள் இளைப்பாறிக்கொண்டிருக்க, வெளித் திண்ணையில் காத்திருந்த பாரதியார் தமக்குள்ளேயே அக்கீர்த்தனைகளைப் பாடலானார். உள்ளே இருந்தபடி கேட்ட பிள்ளையவர்களின் கண்கள் கலங்கின, பாயிரமும் கிடைத்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்த இந்நிகழ்ச்சியைப் பலரும் கேட்டிருப்பீர்கள். இதில் எனக்குச் சுவையாகத் தோன்றுவது வேறொன்று. நந்தன் வெளியே காத்து நின்ற கதையைப் பாடியவரும் வாசல் திண்ணையில் காத்திருக்க நேர்ந்தது.

புலவர் குறையாகக் கண்டதே நூலின் வலிமை. பாரதியார் கீர்த்தனையோடு நிற்கவில்லை. விருத்தம், கண்ணி, தண்டகம், ஆனந்தக் களிப்பு, நொண்டிச் சிந்து என நாட்டு மக்கள் காதுக்குப் பழகிய வடிவங்களை எல்லாம் கதையினுள் கோத்தார். இவற்றுள் நொண்டிச் சிந்து தனியே நோக்கத் தக்கது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நொண்டி நாடகம் என்றொரு வகை நம் நாட்டில் வழங்கியது. சீதக்காதி நொண்டி நாடகம், திருச்செந்தூர் நொண்டி நாடகம் முதலியன அவ்வகையின. தீய வழியில் பொருளைத் தொலைத்து, குதிரை திருடப் போய்ப் பிடிபட்டு, தண்டனையாகக் கால் இழந்த ஒருவன் மேடைக்கு வருவான். தன் கதையைத் தானே சொல்வான். செய்ததையும், இழந்ததையும், இறுதியில் அருள் பெற்றதையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பான். துள்ளும் நடை, உள்ளே இருப்பதோ கழிவிரக்கம். வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் பாட்டுக்கென்றே நாட்டுப்புறம் வார்த்துக் கொடுத்த அச்சு அது. சுப்பிரமணிய பாரதியார் 1912-இல் பாஞ்சாலி சபதத்தின் முதற் பகுதியை வெளியிட்டபொழுது இந்த நடையைத்தான் பெரிதும் கையாண்டார். கோபாலகிருஷ்ண பாரதியாரோ அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, காலிழந்த கள்வனின் சந்தத்தைக் கட்டுண்ட உழவனின் கதைக்குள் கொண்டுவந்துவிட்டார்.

அச்சேறிய நூலை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்கள் கதாகாலட்சேபக்காரர்கள். அவர்களுள் தலையாயவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். மராட்டிய மரபின் கீர்த்தன முறையையும் தமிழ்ப் பாட்டையும் இணைத்து அவர் நந்தனார் கதையை நிகழ்த்தியபொழுது இரவு முழுவதும் மக்கள் அமர்ந்து கேட்டனர். வேதியரின் அதட்டலும் நந்தனின் கெஞ்சலும் மாறி மாறி வரும். சேரி மக்களின் கேலி வரும். நகை வரும், அழுகை வரும். நான்கைந்து மணி நேரத்தில் ஒரு முழு ஊரே பாகவதரின் வாயிலிருந்து எழுந்து நடமாடும். ஆனால் கேட்டவர்களில் யார் பந்தலின் உள்ளே அமர்ந்தனர், யார் வெளியே நின்றனர் என்ற கேள்வியை நாம் கேட்காமல் விட முடியாது. நந்தன் கதையை நந்தன் குலத்தார் தள்ளி நின்றே கேட்டனர்.

பிறகு இசைத்தட்டு வந்தது. நிமிடத்திற்கு எழுபத்தெட்டு முறை சுழலும் அத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்திற்குச் சற்றே மேற்பட்ட நேரந்தான் உண்டு. இரவு முழுவதும் நடந்த கதை மூன்று நிமிடத்திற்குள் எப்படி அடங்கும்? உரையாடல்கள் உதிர்ந்தன. வேதியர் உதிர்ந்தார், நாற்பது வேலியும் உதிர்ந்தது. எஞ்சியவை நந்தன் தனியாக நின்று உருகும் பாட்டுகள் மட்டுமே. தில்லைக்குள் வரலாமா என்று வாசலில் நின்று கேட்கும் மாஞ்சி ராகப் பாட்டு கச்சேரி மேடையின் பிற்பகுதியில் பெருமக்கள் விரும்பிக் கேட்கும் உருப்படி ஆயிற்று. ராகம் செவிக்கு இனிமை. கேள்வி யாரை நோக்கியது என்பது மறந்துபோயிற்று. இது என் கருத்து. இசையறிந்த அன்பர்கள் உடன்படாமற் போகலாம்.

1935-ஆம் ஆண்டில் சுந்தராம்பாள் ஏற்ற நந்தன் வேடத்தை இந்தப் பின்னணியில்தான் வைத்துப் பார்க்கவேண்டும். படத்தில் வேதியர் இருக்கிறார் என்பதாலேயே அது சேக்கிழார் கதையன்று, பாரதியார் கதை என்று துணியலாம். உதிர்ந்த ஆண்டை மீண்டும் நந்தன் எதிரே வந்து நின்றார். காலமும் அதற்கேற்ற காலம். 1934-இன் தொடக்கத்தில்தான் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழ்நாடு முழுவதும் சுற்றினார். சிதம்பரத்திலோ 1916 முதலே சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் கல்வி நிலையம் அமைத்து, அக்குலத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்துக்கொண்டிருந்தார். ஊரெங்கும் ஆலயப் பிரவேசம் என்ற பேச்சு. அவ்வேளையில் நந்தன் திரையில் வந்து வாசலில் நிற்பது வெறும் புராணமாக எவருக்கும் தோன்றியிருக்க முடியாது. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கதராடை அணிந்தவர்கள். காங்கிரஸ் இயக்கத்திற்கு மேடைப் பாட்டால் துணை நின்றவர்கள். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் அம்மையார் கட்சிக்காக ஊர் ஊராகப் பாடிச் சென்றார். கூட்டத்தைக் கூட்டும் வேலை பேச்சாளரிடம் இல்லாமல் பாடகியிடம் இருந்த காலம் அது!

படம் எல்லாரையும் மகிழ்விக்கவில்லை. ஆனந்த விகடனில் கல்கி அதைக் கிண்டல் செய்து எழுதிய விமரிசனம் அந்நாளில் பெரும் பேச்சாயிற்று. மேடை நடிப்பைத் திரைக்கு அப்படியே மாற்றியது பொருந்தவில்லை என்று கருதியோர் பலர். ஆண் வேடத்தில் பெண் என்பதும் சிலருக்கு உறுத்தியது. இன்று அப்படத்தின் சுருள் கிடைப்பதில்லை; ஆகவே நாம் தீர்ப்புக் கூறும் நிலையில் இல்லை. என்றாலும் ஒன்று சொல்லலாம். இசைநூலில் நந்தன் தன்னைத் தலைவியாகவும் தில்லை நடராசனைத் தலைவனாகவும் எண்ணி ஏங்கும் இடங்கள் உண்டு. ஆண் பெண்ணாகி உருகும் அந்த மரபுக்கு நேர் எதிராக, இங்கே பெண் ஒருத்தி ஆணாகி உருகினார். எதிர்ப்பாட்டு இல்லாத பாட்டு அவருக்கு வேண்டியிருந்தது. நந்தன் பாட்டுக்கு மறுமொழி சொல்பவர் அம்பலத்திலே ஆடுகிறார், வாய் திறப்பதில்லை. கணவரை இழந்த பெண்ணைக் கோயில் திருவிழாவிலும் மங்கல வேளையிலும் ஒதுக்கி நிறுத்திய சமூகத்தில், வெண்ணிற ஆடையுடுத்திய பெண்மணி, வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவனின் வேடத்தைத் தேர்ந்துகொண்டார் என்பதை நாம் தற்செயல் என்று தள்ளிவிடுவதற்கில்லை. இரண்டு ஒதுக்கல்களும் ஒன்றல்ல. ஒன்றின் கொடுமையை மற்றதோடு ஒப்பிடுவதும் முறையாகாது. பெரும் ஊதியமும் புகழும் பெற்ற கலைஞர் ஒருவரின் துயரம் வேறு. பண்ணையாளின் துயரம் வேறு. ஆயினும் ஒரு துயரத்தை அறிந்த குரல் வேறொரு துயரத்தைப் பாடும்பொழுது, அதற்குக் கேட்பவரின் காதைத் திறக்கும் ஆற்றல் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஏ. வைத்தியநாத ஐயரின் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தனர். 1942-இல் ஜெமினி நிறுவனத்தார் எம். எம். தண்டபாணி தேசிகரைக் கொண்டு நந்தனார் கதையை மீண்டும் படமாக்கினர். இன்று பெரும்பாலோர் நினைவில் நிற்பது அந்தக் குரலே. 1947-இல் சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. சுந்தராம்பாள் 1940-இல் மணிமேகலையானார். 1953-இல் ஔவையார் ஆனார். 1964-இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகள். துறவி, முதியவள், சமணத் துறவி. ஜோடியில்லாத வேடங்களையே வரிசையாகத் தேர்ந்துகொண்டார். வள்ளியாக மீண்டும் அவர் திரும்பவே இல்லை. 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது 'துணைவன்' படத்திற்காக அவருக்குக் கிடைத்தது. 1970-இல் பத்மஸ்ரீ. ரயிலில் பாடிய பெண்ணின் பெயர் தில்லியின் அரசிதழில் ஏறியது. 1980-இல் மறைந்தார்.

நந்தன் கதை மட்டும் முடிவடையவில்லை. சேக்கிழாரும் பாரதியாரும் நந்தனாரைத் தீயில் மூழ்கி எழுந்து புனிதராகச் செய்தனர். தீயைக் கடவாமல் உள்ளே புக இடமில்லை என்ற அந்த நிபந்தனையைக் கேள்வி கேட்டவர்கள் இருபதாம் நூற்றாண்டில் தோன்றினர். புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' என்ற கதையில் ஆதனூருக்கு ரயில் தண்டவாளத்தையே கொண்டுவந்தார். தில்லித் தமிழர் பலருக்கு அறிமுகமான இந்திரா பார்த்தசாரதி, இதே நகரில் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், 1978-இல் 'நந்தன் கதை' என்ற நாடகத்தை எழுதினார். அதில் தீ அருளன்று, சூழ்ச்சி. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவில், கீழ்வெண்மணிச் சிற்றூரில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த நாற்பத்து நால்வர் குடிசையொன்றில் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கோபாலகிருஷ்ண பாரதியார் பிறந்த நரிமணமும் கீழ்வெண்மணியும் ஒரே நாகை வட்டாரத்து மண்ணைச் சேர்ந்தவை. அந்த இரவுக்குப் பிறகு, நந்தன் நெருப்பில் புகுந்து ஒளியாய் எழுந்தான் என்ற பாட்டைப் பழைய மனத்தோடு கேட்பது எளிதாக இல்லை. அதற்காக அப்பாட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றால், என்னால் இயலாது. ஆண்டையின் பெயரைச் சொல்லாத காலத்தில் ஆண்டையைக் கதைக்குள் கொண்டுவந்து நிறுத்திய பாட்டும் அதுதானே!

சில ஆண்டுகளுக்கு முன் வடநாட்டு நண்பர் ஒருவர் நந்தனாரைப் பற்றிக் கேட்டார். மொழிபெயர்ப்பே தொழிலாக இருப்பதனால் பெயரை முதலில் பெயர்த்துவிடலாம் என்று முனைந்தேன். நாளை என்பதற்கு இந்தியில் 'கல்' என்பது சொல். நேற்று என்பதற்கும் அதே 'கல்' தான். வினைமுற்றைக் கொண்டே எது என்று அறியவேண்டும். 'கல் ஜானேவாலே' என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். நாளை போகிறவரா என்று நண்பர் கேட்டார்; ஆம் என்றேன். போனாரா, என்றார். போனார், ஆனால் திரும்பவில்லை என்றேன். பக்கத்து அறையில் யாரோ வானொலியைத் திருப்பினார்கள். பேச்சு வேறு பக்கம் போயிற்று. அன்று மாலை வீட்டிற்கு வந்து, சுந்தராம்பாளின் பழைய பதிவு ஒன்றை வைத்துக் கேட்டேன். கீறல் ஒலி நிறைந்த தட்டிலிருந்து எடுத்த பதிவு. சொல் ஒன்றுகூடத் தவறவில்லை. கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பாடியதல்லவா, தில்லி வரை தெளிவாகக் கேட்டது.